இரண்டாம் கட்டம்

பிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள்.
ஒன்று நகராட்சியினுடையது:
சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்டில்
எந்த நாள், எத்தனை மணிக்கு இருட்டு என்று.
மற்றது நான் எழுதியது:
நாலரைக்கு எழுவது,
ஐந்தே முக்கால் பஸ்,
ஜேக்கப்ஸ் செருப்புத் தொழிற்சாலையில் ஒன்பது மணி நேரம்,
இரவு எட்டு முதல் பதினொன்று வரை
கணக்கியல், இரண்டாம் தாள்.
சிவப்புப் பேனாவால் அடிக்கோடு. இரண்டு தடவை.

நகராட்சி பெரும்பாலும் சொன்ன சொல் தவறுவதில்லை.
என் தாள்
திங்கட்கிழமை மட்டும் உண்மை.

செவ்வாய் நோட்டின் மேலேயே தூங்கிப்போனேன்,
பற்றும் வரவும் கன்னத்தில் அச்சாக.
புதன், தங்கை மகனுக்குக் காய்ச்சல்.
வியாழன்...
வியாழனுக்குக் காரணமே இல்லை.
பகலில் குரங்குகள் கிழித்துப்போட்ட குப்பைப் பையை
ஜன்னல் வழியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
எழுந்துபோய் அள்ளவும் இல்லை.

அதற்காக எனக்கு நானே சொன்னதையெல்லாம்
இங்கே எழுத முடியாது.
சூப்பர்வைசர் பிள்ளை
தையல் கோணிய செருப்பை மூக்குக்கு நேரே நீட்டும்போதுகூட
அதில் பாதிச் சொற்களைத்தான் எடுப்பார்.
அவருக்கு யூனியன் பயம்.
என்னிடமிருந்து என்னைக் காக்க
ஏது யூனியன்?

வெள்ளி இரவு எட்டுக்கு,
ஒரு வரி பாதியில் இருக்கையில்
மலைச்சரிவு முழுக்க அணைந்தது.
கீழ்த்தெருவில் யாரோ "ஓ" என்று கத்தினார்கள்.
பக்கத்து வீட்டுக்காரன் ஜெனரேட்டரை இழுத்தான்.
அது இரண்டு தும்மல் தும்மிவிட்டுப் படுத்தது.
பேர்தான் பிரகாசன்.
எனக்கோ, வெட்கத்தோடு சொல்கிறேன்,
சந்தோஷம்.
இரண்டரை மணி நேரத்துக்கு
என்னைத் திட்ட யாருக்கும் உரிமையில்லை.
எனக்கும்கூட.

வாசல் படியில் உட்கார்ந்தேன்.
கறிவேப்பிலை மரத்துக்கு அப்பால்
உம்லாசியில் விளக்குகள் இருந்தன.
பத்தரைக்கு அவர்கள் அணைவார்கள்,
நாங்கள் எரிவோம்.
வயலுக்கு மடை மாற்றுவதுபோல.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால்
எல்லாமே போய்விடும்,
நாடு மொத்தமாக விழுந்தால்
எழ வாரக்கணக்கில் ஆகும்,
அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக அணைக்கிறோம்,
இப்போது இரண்டாம் கட்டம்தான், தாங்கலாம் என்று
ரேடியோவில் ஒரு பொறியாளர்
கணக்கு வாத்தியார் குரலில் சொல்லியிருந்தார்.
அன்றைக்கு அவரையும் திட்டினேன்.
இருட்டில் அது வேறு மாதிரி கேட்டது.

பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை.
கொசு கடித்தது.
நேற்றைய பீன்ஸ் கறியை ரொட்டிக்குள் அடைத்து
நின்றபடியே தின்றேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

பத்தரைக்கு பிரிட்ஜ் செருமிக்கொண்டு எழுந்தது.
என் தாளை எடுத்தேன்.
கிழிக்க மனம் வரவில்லை.
பின்பக்கம் திருப்பி, பென்சிலால்:

சனி: ஒரு கணக்கு. ஒன்றே ஒன்று.
ஞாயிறு: ஆறு முதல் எட்டரை வரை அணைப்பு.
காரணம் கேட்கப்படாது.
திங்கள்: இரண்டு கணக்கு. தூக்கம் வந்தால் தூங்குவது.
செவ்வாய்: பார்க்கலாம்.
இப்படிக்கு,
தெய்வானை மூட்லி,
மின்நிலையப் பொறுப்பாளர், வீட்டு எண் நாற்பத்தேழு.

நவம்பரில் தேறுவேனா, தெரியாது.
போன வருஷம் ஏழு மதிப்பெண்ணில் போனது.

நோட்டைத் திறந்தால்,
கரண்ட் போன இடத்தில்
எண்ணுக்கு ஒரு வால் முளைத்திருந்தது.
அழிக்கவில்லை.
அதற்குப் பக்கத்திலிருந்தே தொடர்ந்தேன்.
மூன்று வரி.
மணி பதினொன்றுகூட ஆகவில்லை.
போதும் என்றேன்.
கேட்டவளும் ஒத்துக்கொண்டாள்.

காலையில் குப்பையை அள்ளினேன்.
சுவர்மேல் ஒரு குரங்கு,
கையைக் கட்டிக்கொண்டு,
பிள்ளையைப்போலவே பார்த்துக்கொண்டிருந்தது.
நான் அவசரப்படவில்லை.