இது தெளிவா, அதுவா

காலை பத்தரை. ஏகாம்பரம் வீதி.
கடை வாசலில் ஒரு மான் நின்று
நேற்றைய கண்ணாடிப் பெட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.
அதை விலத்தி உள்ளே வந்தவர்
பெயர் நல்லரெத்தினம் என்றார். வயது அறுபத்தொன்று.
கிட்டவும் புகையுது, தூரவும் புகையுது என்றார்.

நாடியை இதில வையுங்கோ.
நெற்றி முட்டட்டும். நேரே பாருங்கோ.

விளக்கைப் போட்டேன்.

முகத்தை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பார்ப்பது என் தொழில்.
ஆனால் இந்த இரண்டையும்
தொழிலுக்கு வர முன்னமே பார்த்திருக்கிறேன்.
இடது இமை, பாதி இழுத்துவிட்ட கடைக்கதவு.
வலது வெள்ளையில் ஒரு கடுகு.
அப்போது அவற்றைச் சுற்றி முகம் இருக்கவில்லை,
சாக்கு இருந்தது.
சீனிச் சாக்கு. எழுத்துகள் தலைகீழாக நின்றன.

ஆமிக்காரர் போட்ட கதிரையில் அது இருந்தது.
மைதானத்தில் நாங்கள் வரிசையாக
அதன் முன்னால் நடந்தோம்.
அம்மாவுக்கு அசையவில்லை. எனக்கும் அசையவில்லை.
லியோனுக்கு ஒருதரம் அசைந்தது, மேலிருந்து கீழே.
பத்தொன்பது வயது.
அறுந்த செருப்புக்கு ஊசி குத்திப் போட்டிருந்தான்,
ஜீப்பில் ஏற அதுதான் தடுக்கியது.

"எழுத்துத் தெரியுதா?"
அவர் தலையை ஆட்டினார்.

"தலையாட்ட வேண்டாம்!"

கூட்டிக்கொண்டிருந்த பெடியன் தும்புத்தடியோடு நிமிர்ந்தான்.
"வாயால சொல்லுங்கோ" என்றேன், மெதுவாக.
ப, என்றார். ட. அடுத்தது ம.
கீழ் வரியில் ம வந்தபோது ய என்றார்.

போன ஞாயிறு மாதா கோவிலில்
பகையாளியை நேசிக்கச் சொன்னார் ஃபாதர்.
எவ்வளவு என்று சொல்லவில்லை.
மின்விசிறிக்குக் கீழே இருந்து கேட்க
அது குளிர்ச்சியான வசனம்.
நான் கால் கால் புள்ளியாகக் கூட்டிக் குறைக்கிறவள்,
எனக்கு ஓர் இலக்கம் வேண்டும்.

இலக்கம் என் கையில்தான் இருந்தது.
அச்சைப் பத்துப் பாகை தள்ளி எழுதினால் போதும்,
ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.
பின்னேரங்களில் தலை இடிக்கும்.
கால் வைக்கிற இடத்தில் படி இராது.
உப்புவெளி பஸ் ஒரு சாண் விலகி வருவதாகத் தெரியும்.
நூற்றெண்பதா, நூற்றெழுபதா?
திருகோணமலை என்று அச்சடித்த வரிக்குக் கீழே
ஒன்று போட்டேன்.
ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை.

"இது தெளிவா, அதுவா?"
"முதல் போட்டது."
"இது? இல்லாட்டி இது?"
"ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு, பிள்ளை."

பிள்ளையாம்.

சோதனைச் சட்டத்தைக் காதில் கொளுவியபோது
மடலுக்குப் பின்னால் விரல் பட்டது.
சிகரட் நுனியளவு வட்டங்கள், மூன்று, பழசு.
தலையை எப்படி ஆட்டுவது என்று
அவருக்கும் யாரோ பழக்கியிருக்கிறார்கள்.
கோபம் தணிந்தது என்று எழுதமாட்டேன்.
எரிச்சல்தான் வந்தது.
எனக்கென்று இருந்த ஒரேயொரு பகையாளி,
அவரையும் பாதியாக்கித் தந்தால்?

எட்டுப் போட்டேன். பிறகு பூச்சியம்.
மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லியோன், மன்னித்துவிட்டாள் என்று
யாராவது வந்து சொன்னால் நம்பாதே.
எண்பது என்று எழுதினேன், அவ்வளவுதான்.
அது அவருடைய கண்ணின் இலக்கம்.
இன்றைக்கு என்னால் முடிந்தது
அந்த ஒரு பூச்சியம் வரைக்கும்.

ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போனார்.
மான் இப்போதும் வாசலில்தான்,
அவருக்கு வழி விடவில்லை.
பெடியன் போய்த் துரத்தினான்.

புதன்கிழமை வருவார்.
நானே மாட்டிவிட வேண்டும்.
ஒரு முழம் தூரத்தில் அப்போது என் முகம்
முதல்முறையாகப் புகையில்லாமல் நிற்கும்.
உன் மூக்கு, லியோன்.
உன் நெற்றியும்.