பதினேழாவது பார்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
முபாரக் பாய் ஷெட்டில்
அறுபது செம்புப் பார்கள் கிடக்கின்றன.
ஆளைவிட நீளம்.
இரண்டு முனையும் எங்கோ கிளம்புவதுபோல் வளைந்தவை.

சர்க்கரை ஆலை ஜெனரேட்டர் புகைந்து ஒன்பது நாள்.
வெட்டிய கரும்பு லாரியிலேயே எடை குறைகிறது.

மைக்கா டேப், பன்னிரண்டு அடுக்கு.
ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்
பாதியில் ஏற வேண்டும்.
குறைந்தால் மெலிவு. கூடினால்
பள்ளத்தில் இறங்காது.

ஃபேன் போடக்கூடாது.
வெளியே சம்பா அறுவடை; மெஷின் துப்பும் தூசு
நேரே இங்கேதான் வரும்.
நெற்றியில் துண்டு கட்டியிருக்கிறேன்.
ஒரு சொட்டு வியர்வை உள்ளே போனால்
பத்து வருஷம் ஆனாலும்
காத்திருந்து காட்டிக்கொடுக்கும்.

செம்புக்கு இரும்பின்மேல் ஒரு கண்.
நடுவில் மூன்று மில்லிமீட்டர்,
அதுதான் எங்கள் சம்பளம்.

நாற்பத்தொன்றில், ஐந்தாம் அடுக்கில்
விரல் நின்றது.
நெல்லின் சுணை ஒன்று, இமைமுடி அளவு.
"விடு தெரசா, வார்னிஷ் மூடிடும்" என்றான் கலியமூர்த்தி.
அடுக்கடுக்காய்ப் பிரித்தேன்.
அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனை.
கயிறு கட்டி எல்லோரும் விலகி நின்றோம்.
இருபத்து மூவாயிரம் வோல்ட், ஒரு நிமிஷம்.
நாற்பத்தொன்றை முதலில் வைக்கச் சொன்னது நான்தான்.
தாங்கியது.
கலியமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

பதினேழு தாங்கவில்லை.
கடுகு வெடித்தாற்போல் ஒரு சத்தம்,
ஊசிமுனை அளவு கருப்பு.

யார் சுற்றியது என்று
முபாரக் பாய் நோட்டைப் புரட்டினார்.
எனக்கு நோட்டு வேண்டாம்.
அன்றுதான் கூட்டுறவு வங்கியிலிருந்து போன்,
நகை ஏலத்துக்கு வருகிறதென்று.
தோளில் போனை இடுக்கிக்கொண்டே சுற்றினேன்.
ஒன்பதா பத்தா
என்று ஒரு கணம் நின்று,
பத்து என்று வைத்துக்கொண்டேன்.

"நான்தான் பாய்."
அவர் நோட்டை மூடினார். புது டேப் ரோலை
என் பக்கம் உருட்டிவிட்டார்.

இரவு கேட் மூடியிருந்தது.
வரிசையில் நின்ற லாரிகளில் கரும்பு
புளிக்கத் தொடங்கியிருந்தது.
என் சட்டையின் வார்னிஷ் வாடையில் ஆள் தெரிந்து
டிரைவர் ஒருவர் தலையை நீட்டினார்:
"மில்லு எப்பக்கா ஓடும்?"
"பதினேழாவது பார் காயணும்."
"பதினேழா!" என்றார்.
"இந்த ஊருல அத்தனை பார் ஏதுக்கா?"