முப்பத்தைந்தில் ஒன்று

கடைவாய்ப் பல்லுக்காகப் போயிருந்தேன்,
காமராசர் சாலையில், துளசிராம் டாக்டரிடம்.
ஊசி போட்டு மரக்கக் காத்திருந்த பத்து நிமிடம்
கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சேற்றில் புதைந்த ஒரு டாங்கி,
அதை இழுக்கும் இன்னொரு டாங்கி,
ஒவ்வொன்றும் என் செருப்பு நீளம்கூட இல்லை.
நடுவில் கயிறு.

கயிறுதான் பொய்.

தையல் நூலுக்குக் கறுப்பு அடித்திருந்தார்.
பிசிறு சிலிர்த்து, தொட்டில் கயிறு மாதிரித் தொங்கியது.
பாதி உதடு மரத்த வாயோடு சொன்னேன்:
"இது எதையும் இழுக்கல டாக்டர்."
பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்துவிட்டுக் கேட்டார்,
"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

கப்பலூர் டோல்கேட்டில் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறேன்.
குடைசாய்ந்த லாரி, பள்ளத்தில் இறங்கிய பஸ்,
ஒருமுறை கதிர் அறுக்கும் எந்திரம்,
ஒருமுறை கல்யாண கார், பூவோடு.
என் ரோப்பு இருபத்தைந்து மில்லி.
முப்பத்தைந்தால் வகுத்தால்
முக்கால் மில்லிக்குக் கொஞ்சம் குறைவு.
நடுவில் ஒரு பிரி, சுற்றி ஆறு.
அப்படியானால் முப்பத்துநாலு கேஜ் கம்பி.
சிம்மக்கல்லில் மோட்டார் கட்டும் ஜமீலாக்காவிடம்
எரிந்துபோன ஃபேன் காயில் ஒன்று கேட்டேன்.
"எதுக்குப்பா?"
"டாங்கி இழுக்க."
மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எடுத்துத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வார்னிஷ் போகக் கம்பியைத் தீயில் காட்டினோம்.
ஒரு முனை அவர் வைஸில், மறுமுனை என் கை டிரில்லில்.
அவசரம் ஆகாது. இழுத்துப் பிடித்தபடியே சுற்ற வேண்டும்.
தளர விட்டால் நடுப்பிரி வெளியே பிதுங்கும்,
குடல் இறங்கின மாதிரி.
தேவைக்கு மேல் பத்துச் சுற்று;
விட்டதும் அந்தப் பத்தை அது திருப்பிக்கொள்ளும்.
முதல் தடவை சொல்லாமல் விட்டுவிட்டேன்.
துள்ளி அவர் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நுனிக்குப் பெரிய ஊசியில் நறுக்கிய குழாய்,
அதன் தலையில் வளைத்த கண்.
பற்ற வைத்தது அவர்;
பல் கட்டுகிற கை, நடுங்கவே இல்லை.
ஆனால் செம்பு செம்பாகத்தான் மினுங்கியது.
ஏதோ அமிலம் வாங்கலாம் என்றார்.
நான் கீழே இறங்கி பரோட்டாக் கடையில்
ஒரு அவித்த முட்டை வாங்கி வந்தேன்.
கருவை நசுக்கி, கயிற்றோடு டிபன் டப்பாவில் போட்டு மூடினோம்.
மறுநாள் திறந்தால் ஒரே நாற்றம்,
உள்ளே இரும்பு.

பென்சில் கரியை மேட்டில் மட்டும் தேய்த்தேன்.
பள்ளத்துக்குச் செங்கல் பொடி.
பிறகு ஒரு பிரியை ஊசியால் நெம்பி அறுத்து
முள்ளாக நீட்டி விட்டேன்.
"ஐயையோ" என்றார்.
"புது ரோப்ப எவன் சேத்துல இறக்குவான்?"

மாட்டினோம். சுண்டிப் பார்த்தேன், தொய்வில்லை.
அப்போதுதான் அவனைக் கவனித்தேன்.
கயிற்றை ஒட்டி, கையை உயர்த்தி,
வா, வா, இன்னும் வா என்று நிற்கிற சிப்பாய்,
என் சுண்டுவிரல் உயரம்.

சமயநல்லூர் வளைவில் முத்திருளனும் அப்படித்தான் நின்றான்.
ரோப்பு அறும்போது சத்தம் பிறகுதான் வரும்.
காது மடலில் பாதி போனது.
இன்னும் என்னோடுதான் வேலைக்கு வருகிறான்;
போட்டோ எடுத்தால் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வான்.

"இவன அந்தப் பக்கம் மாத்துங்க டாக்டர்."
"பசை போட்டு மூணு மாசம் ஆச்சே."
"மாத்துங்க."

பல் குறடை எடுத்தார்.
இடம் அசைத்து, வலம் அசைத்து, மெதுவாக.
சிப்பாய் வந்துவிட்டான்,
பூட்ஸ் இரண்டும் சேற்றிலேயே நின்றுவிட்டன.
கயிறு எட்டாத தூரத்தில், வண்டிக்குப் பின்னால்,
கணுக்கால் முங்க அவனை நட்டார்.

பழைய இடத்தைச் சுரண்டப் போனவரைத் தடுத்தேன்.
பூட்ஸ் கிடக்கட்டும்.
யாரோ ஓடியிருக்கிறான் என்று தெரியட்டும்.