சாம்பல் பருந்து: 37 முதல் 40 வரை

முப்பத்தேழில் அவன் மேலங்கி சாம்பல்.
முப்பத்தெட்டில் அதே சாம்பலில்
இரண்டு சொட்டு நீலம் ஏறியிருக்கிறது.
கதைப்படி நடுவில் ஒரே ஒரு ராத்திரி.
ஒரே லாட்டில் இரண்டு ஷேடு போனால்
எங்கள் டையிங்கில் துணி திரும்பி வரும்,
லேப் சென்னியப்பனுக்குச் சோறு இறங்காது.
சாம்பல்தான் இருப்பதிலேயே சண்டி நிறம்,
எந்த வெளிச்சத்திலும் வேறொன்றாக நிற்கும்.
அச்சகத்துக்காரருக்கு அதை யார் சொல்வது?

சரி, கதைக்கு வருகிறேன்.
முப்பத்தேழில் மணிக்கூண்டிலிருந்து விழுகிறான்.
விழுகிறபோது பேசுகிறான்.
தரை வருவதற்குள் அறுபத்திரண்டு சொல்.
எண்ணினேன்,
ஜெட் மெஷின் சூடேறும் வரை வேறு வேலையில்லை.

முப்பத்தெட்டு நல்ல இதழ்.
எட்டுப் பக்கத்துக்கு ஓர் அடிதடியும் இல்லை.
தண்ணீர்த் தொட்டி மேல் தனியாக உட்கார்ந்து
பூட்ஸைக் கழற்றிக் காலைத் தேய்க்கிறான்.
குதிகாலில் பித்தவெடிப்பு.
வரைந்த கைக்கு ஒரு கும்பிடு.
பறக்கிற ஆளுக்கும் பாதம் வெடிக்குமென்று
முப்பத்தேழு இதழாக யாருக்கும் தோன்றவில்லை.

முப்பத்தொன்பதை மங்கலம் பஸ்ஸில் பிரித்தேன்.
ஆண்டிபாளையம் வருமுன் தீர்ந்துவிட்டது.
மறுபடியும் அவன் எப்படிப் பருந்தானான் என்கிற கதை,
மூன்றாந் தடவை.

நாற்பதைத்தான் நாலு முறை படித்தேன்.

வில்லன் பெயர் திராவகன்.
ஆற்றோரம் ஆலை,
அந்திக்கு மேல் கழிவைத் திறந்துவிடுகிறான்.
இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு
பருந்து இறங்குகிறது.
ஆறு பேர் ஓடுகிறார்கள்.
முகம் வரையவில்லை, அடியாட்களுக்கு எதற்கு முகம்?
டமார். ணங். சளார்.
மூலையில், கட்டத்தின் கோட்டை ஒட்டி,
கவிழ்ந்து கிடக்கிறது ஒரு தூக்குப்போசி.
சிந்தியது புளிச்சோறு என்று நினைக்கிறேன்,
மஞ்சள் கோட்டைத் தாண்டி அச்சாகியிருக்கிறது.

அடியாள் எதற்குப் போசி கொண்டுவருகிறான்?

பாய்லர் கிட்டுச்சாமியிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
“ஏனுங்க, வால்வைத் தொறக்காம
பாய்லரை ஒடச்சுப்போட்டுப் போறானே,
பக்கத்துல ஆளு நிக்கறது தெரியலீங்களா?”
பக்கத்தைப் புரட்டினார்.
ஊரே கூடிக் கைதட்டுகிறது.
“நாளைக்குச் சனிக்கிழமைங்க.
இவனுகளுக்குச் சம்பளம் ஆருங்க குடுப்பா?”
கதை அதைச் சொல்லவில்லை.

ஆனால் பொய் சொல்லக் கூடாது.
கடைசிப் பக்கம் முழுக்க ஆறு,
அடி மணல் தெரிகிற ஆறு,
ஒரு பையன் இடுப்பளவு நின்று
கையால் அள்ளிக் குடிக்கிறான்.
அந்த நீலத்தை நான் பிழை பார்க்கவில்லை.
டியூப்லைட்டுக்குக் கீழே வெகுநேரம்
சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நாங்கள் ஓட்டியது மெரூன்.
வீட்டுக்கு வருகிற வழியில் நொய்யல் பாலம்.
தண்ணீர் என்ன நிறமென்று கேட்காதீர்கள்,
எதிரே வருகிற லாரியைப் பார்த்தபடி
கடந்து வந்துவிட்டேன்.

நாற்பத்தொன்று வந்ததும்
திராவகன் தப்பித்தானா என்று தேட மாட்டேன்.
இருபத்துமூன்றாம் பக்கத்தில் பாய்லர் ஓரம்
குப்புற ஒருவன் கிடக்கிறான்.
ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது.
அடுத்த கட்டத்தில் அவன் இல்லை,
செருப்பும் இல்லை.
ஓவியர் மறந்தாரா, யாராவது தூக்கிப்போனார்களா,
இல்லை, அவனே எழுந்து
ஒற்றைச் செருப்போடு பஸ் பிடித்தானா?

முப்பத்தெட்டுக்குப் பத்துக்கு ஒன்பது.
மற்ற இரண்டையும் பழைய பேப்பர்காரர் எடைபோடட்டும்.
நாற்பதுக்கு மதிப்பெண் போடவில்லை.
சந்தேகத் துணிக்குச் சென்னியப்பன் எழுதுவதுபோல
அட்டை ஓரம் பென்சிலால் ‘ஹோல்டு’ என்று எழுதி
ஷேடு கார்டுகளுக்கு நடுவே செருகிவைத்தேன்.

எட்டு மணி ஷிப்ட்.
போசியைக் கழுவ வேண்டும்.