பதினேழாம் சன்னல்

தேக்காவில் தீபாவளி விளக்கை
இன்னும் கழற்றவில்லை.
ஈசூன் ஃபேர்பிரைசில் அதற்குள்,
பாதி விலை முறுக்கு டப்பாக்களுக்குப் பக்கத்தில்
வந்து நிற்கிறது அட்டைப்பெட்டி:
பனி மூடிய கூரை,
இருபத்துநான்கு சன்னல்,
சன்னலுக்கு ஒரு சாக்லேட்,
பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு.

வேண்டாம் என்றேன்.
திருவருகைக் காலம் வாயைக் கட்டும் காலம்.
வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி போதும்.
தினம் காலையில் கூலி வாங்கிக்கொண்டு காத்திருந்தால்
அதற்குப் பெயர் காத்திருப்பா, வேலையா?
கோவிலில் கேட்டதோடு
கொஞ்சம் என் சரக்கும் சேர்த்துச் சொன்னேன்.

கொரட்டி தள்ளுவண்டியை நிறுத்தவில்லை.
"ஒன்றைத் தின்றுவிட்டு
இருபத்துமூன்றைத் தொடாமல் இருக்கும் பிள்ளை.
நீங்கள் இருப்பீர்களா?"
பல் மருத்துவரைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள்
பணம் கட்டிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் கூடத்து மேசையில் இருந்தது.
மூன்றாம் நாள் மதியம்
மணியும் நட்சத்திரமும் ஆட்டுக்குட்டியும்
அடையாளம் விட்டு வழுக்கத் தொடங்கின.
பனிக்கூரை வீடு குளிர்பெட்டிக்குக் குடிபோனது,
கறிவேப்பிலைக் கட்டுக்கும்
நெத்திலிக் கருவாட்டுக்கும் நடுவே.
அன்று முதல் எங்கள் வீட்டில்
கதவைத் திறந்துதான் சன்னலைத் திறக்க வேண்டும்.

டாஃப்னிக்கு ஆறு வயது.
ஐந்தாம் சன்னல் குதிரையில் நெத்திலி வாசம் என்றாள்,
ஆனாலும் தின்றாள்.
ஒன்பதாம் சன்னலை எதிர்வீட்டு இர்ஃபானுக்குக் கொடுத்தாள்.
அவன் அம்மா பெட்டியைத் திருப்பி
பொடி எழுத்தெல்லாம் படித்து முடிக்கும்வரை
இரண்டு பேரும் தாழ்வாரத்தில் மூச்சு விடவில்லை.
அப்படியொரு காத்திருப்பை
எந்தப் பூசையிலும் நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த இரவு.
மழை. கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டு
வீடு வந்தபோது மணி ஒன்றரை.
உட்லண்ட்சில் ஒருவன் அட்டையைத் தட்டாமல் ஏறி
என்னை ஏசிவிட்டு இறங்கியிருந்தான்.
சோறு இருந்தது. தயிர் இருந்தது.
குளிர்பெட்டி வெளிச்சத்தில் அதுவும் இருந்தது.
எந்த எண் என்றுகூடப் பார்க்கவில்லை.
பக்கவாட்டில் ஒட்டுப் பிரித்து,
விரல் விட்டு,
நின்றபடியே தின்றேன்.
நெத்திலி வாசம் உண்மைதான்.

பதினேழாம் தேதி
அவள் திறந்தபோது உள்ளே பள்ளம் மட்டும்,
ஒட்டகத்தின் வடிவத்தில்.

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.
"தொழிற்சாலையில் மறந்திருப்பார்கள்" என்றது என் வாய்.
உடனே தாளும் பென்சிலும் எடுத்து வந்தாள்.
தமிழில் எழுதினாள்,
அதுதான் அப்பா திருத்தும் மொழி.

அன்புள்ள தொழிற்சாலை,
எங்கள் ஒடகம் வரவில்லை.
வேறு யாருக்காவது இரண்டு ஒடகம் போனதா?
அவர்களைத் திட்ட வேண்டாம்.

விட்டுப்போன 'ட்'டைப் போட்டுக் கொடுத்தேன்.
கொரட்டி தோசையைத் திருப்பினாள்,
என் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசை
கோவில் வாசல் தாண்டி நின்றது.
நாற்பது நிமிடம். சாமியார்
சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு
மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார்.
டாஃப்னி சிரிக்கவில்லை.
கேட்டு முடித்து,
"நின்றுகொண்டா தின்றீர்கள்?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
"உட்கார்ந்து தின்றிருக்கலாம்."
கொஞ்சம் யோசித்து,
"எனக்கு ஒட்டகம் வேண்டும்."

இருபத்துமூன்றாம் தேதி ஃபேர்பிரைசில்
அன்னாசிப் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
அடித்தட்டில் மூலை நசுங்கிய ஒரே ஒரு பெட்டி.
ஒட்டகத்தை மட்டும் தின்றாள்,
மற்றதை மூடச் சொன்னாள்.
அடுத்த வருடத்துக்காம்.

இப்போது பிப்ரவரி.
அடுத்த வாரம் சாம்பல் புதன்.
நசுங்கிய வீடு கருவாட்டுப் பக்கத்தில் நிற்கிறது,
இருபத்துமூன்று சன்னலும் மூடியபடி.
ஒன்றரை மணிக்கு வந்து
தயிரை மட்டும் எடுத்துக்கொண்டு
சட்டென்று கதவைச் சாத்துகிறேன்.