வண்டியில் எத்தனை பேர்

கடல் உறைகிற வருடங்களில் மட்டும்
எனக்கு இந்த வேலை.
ஹியுமா தீவுக்குப் போகும் பனிச்சாலையின் தலைமாட்டில்
ஒரு தடுப்புக் கட்டை, ஒரு தகரக் குடில்,
துளை போட ஒரு துரப்பணம், அளக்க ஒரு கோல்.
இன்று இருபத்தேழு சென்டிமீட்டர்.
போகலாம்.

வருகிற எல்லோரிடமும் அதே பல்லவி:
இருக்கை வாரை அவிழ்த்துவிடுங்கள்.
கதவைப் பூட்டாதீர்கள்.
முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும்
கால் கிலோமீட்டர் இருக்கட்டும்.
வண்டியில் எத்தனை பேர்?

"ஒருவர்" என்பார் தார்வோ,
புதன்கிழமைதோறும்.
தீவுப் பள்ளிகளின் பியானோக்களுக்குச்
சுருதி சேர்க்கிறவர்.
சிரிக்கும்போது இடது கையுறையைக் கழற்றுவார்,
ஏனென்று தெரியாது.
நாற்பத்து நான்கு வயதில்
ஒரு கையுறைக்காகப் புதன்கிழமையை எண்ணுவது
எனக்கே வேடிக்கை.

"கட்டை உன் கையில்தானே மெரிகெ" என்றான்
இரவு முறைக்கு வருகிற ராய்வோ.
"நிறுத்திவைத்துக் கேள். எங்கே போய்விடுவார்?"

அதுதான் சிக்கல்.
எங்கும் போக முடியாதவரிடம்
கேட்டு வாங்குவது பதில் இல்லை,
சுங்கம்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு புதன்கிழமை செய்தேன்.
"விரிசல் கண்டிருக்கிறது,
ஒரு மணி நேரம் ஆகும்."
விரிசல் எதுவும் இல்லை.
கடல் அன்று சிமெண்டுத் தரை.

குடிலுக்குள் வந்தார். தேநீர் குடித்தார்.
ஒரு பியானோவுக்குள் எலி
வருகைப் பதிவேட்டைக் கிழித்துக்
கூடு கட்டியிருந்த கதையைச் சொன்னார்.
நான் சிரித்தேன்,
அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்ததையும் பார்த்தேன்.
அன்றிரவு கடல் அடிவயிற்றிலிருந்து உறுமியது.
குளிருக்கு அது எப்போதும் உறுமும்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஹாப்சலுவில் ரொட்டிக்கடை.
ரொட்டி வாங்கப் போன இடத்தில் அவர் இருந்தார்.
"இரண்டு நிமிடம் உட்காரலாமா?"
தலையசைத்தார்.
அவருக்கும் கதவுக்கும் நடுவே வராத
நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"அன்றைக்கு விரிசல் இல்லை. பொய் சொன்னேன்.
உங்களைப் பிடித்திருக்கிறது, அதனால் சொன்னேன்.
அதனால் அது சரியாகிவிடாது.
விருப்பமிருந்தால் ஒரு மாலை
என் வீட்டில் சூப் குடிக்க வாருங்கள்.
இல்லையென்றால் இல்லை.
புதன்கிழமை கட்டை அதேபோல உயரும்.
எத்தனை பேர் என்று மட்டும்தான் கேட்பேன்."

மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துபோயிருந்தது.
காது சுட்டது.
அவருடைய கையுறைகள் மேசைமேல் கிடந்தன,
கழற்றுவதற்கு எதுவும் இல்லை.

"பதினோரு பிள்ளைகள்" என்றார் கடைசியில்.
"கோட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.
அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.
யோசித்துச் சொல்கிறேன்."

"சரி" என்றேன்.
அதற்குமேல் ஒரு சொல் சேர்த்துவிடாதபடி
கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன்.
இரண்டு நிமிடம் முடிந்திருந்தது.
எழுந்து வந்தபின்தான்
ரொட்டி வாங்காதது ஞாபகம் வந்தது.

அடுத்த புதன், இருபத்து நான்கு சென்டிமீட்டர்.
எத்தனை பேர்? ஒருவர்.
கட்டை உயர்ந்தது.
அதற்கடுத்த புதனும் அப்படியே.
கண்ணாலும் கேட்காமலிருக்கப் பழகினேன்.
பாதிதான் முடிந்தது.

மூன்றாவது புதன், காற்று தெற்கே திரும்பிவிட்டது.
நாளை சாலையை மூடுகிறார்கள்.
பொழுது சாயும் நேரம் தீவிலிருந்து திரும்பினார்.
எத்தனை பேர்? ஒருவர்.
கட்டையைத் தாண்டினார், கரையேறினார்,
இனி என்னிடம் கேட்டுப்பெற ஏதுமில்லாத தூரத்தில்
எஞ்சினை நிறுத்தினார்.
இறங்கி
நடந்து வந்தார்.

"சூப்பில் சதகுப்பை போடுவீர்களா?
எனக்கு ஆகாது."

"போடுவேன்" என்றேன்,
"உங்கள் கிண்ணத்தில் போடமாட்டேன்."