ஏழாம் எண் அறை

கிரேட் யார்மத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்
எங்கள் விடுதியின் ஏழாம் அறையைத் தட்டினோம்.
பலமாகத் தட்டினோம்.
பிறகு மாற்றுச் சாவி.

விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.
சன்னல் திறந்து கிடந்தது, பிப்ரவரியில்.

மிஸ்டர் ஆஸ்க்யூ, கோடையில் மேடையேறி
மரப்பொம்மையைப் பேசவைப்பவர்,
பதினோரு வார வாடகை வைத்திருந்தார்.
பொம்மையை எடுத்துக்கொண்டு
கோட்டை விட்டுப் போயிருந்தார்.
(உண்மையில் கோட்டை விட்டது நாங்கள்தான்.
இந்த வேடிக்கையை யாரிடம் சொல்வேன் இங்கே?)

தலையணை உறை மாற்ற வந்த மேவிஸ்
இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்:
"ஆள் ஸ்கார்ப்பர்."
செருப்புக் கம்பெனியின் பெயர் என்று நினைத்தேன்.

இல்லையாம். வினைச்சொல்லாம்.
கட்டவேண்டியதைக் கட்டாமல்
மாடிப்படி முனகாமல்
ஓடிப்போவதற்கு மட்டுமேயானது.
ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ,
போர்க்கப்பல்கள் நின்ற கடல்.
'ஃப்ளோ'வும் 'கோ'வும் ஒரே ஓசையில் முடிவதால்
லண்டன் கிழக்குத் தெருக்காரர்கள்
'போ' என்று சொல்ல வெட்கப்பட்டு
அந்தக் கடலைச் சொன்னார்களாம்.
இயைபுத் தொடை, என்றேன்.
உனக்கும் தெரியுமா அவரை, என்றாள் மேவிஸ்.

ஐஸ்கிரீம் கடை ஆல்டோ பெர்த்தி
கரண்டியை ஆட்டி மறுத்தார்.
அந்தப் போருக்கு முன்பே சொல் இருந்தது, அம்மா,
அது எங்கள் 'ஸ்கப்பாரே'.
சர்க்கஸ்காரர்களும் கூத்தாடிகளும்
வாயில் அடக்கிக் கொண்டுவந்தது,
வீட்டுக்காரி எதிரே நின்றுகொண்டே
இன்று ராத்திரி ஓடிவிடலாம் என்று
அவளுக்குப் புரியாமல் பேசிக்கொள்ள.

அந்தச் சொல்லைத்தான் இப்போது
வீட்டுக்காரிகள் சொல்கிறார்கள்.

இன்னும் கீழே தோண்டினால், என்றார் ஆல்டோ,
லத்தீனில் 'கப்பா' என்றால் மேலங்கி.
பிடித்தவன் கையில் அங்கி மட்டும் மிஞ்ச
உடம்பு நழுவிப் போவது.
கோட்டை விட்டு.
நான் சிரித்த சிரிப்பில்
அவர் ஒரு கரண்டி அதிகம் வைத்துவிட்டார்.

உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள், என்று மேவிஸ் கேட்டாள்.
கும்பகோணத்தில், எங்கள் தெருவில்,
ஏலச்சீட்டு நடத்திய வரதராஜுலு
ஒரு வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கவில்லை.
பூட்டின் முன்னே நாற்பது பேர், வாயில் ஒரே வாக்கியம்:
கம்பி நீட்டிட்டான்.
எந்தக் கம்பி? யார் பக்கம் நீட்டினான்?
அகராதியைப் பார்த்தேன். 'ஓடிப்போ' என்று சொல்லிவிட்டு
கம்பியைப் பற்றி மூச்சு விடாமல்
அதுவும் நழுவிவிட்டது.

மேவிஸ் யோசித்தாள்.
மேலே கட்டிய கம்பி, குடை பிடித்து நடப்பார்களே அது,
நீட்டியது, ஏறியது, ஆள் அந்தப் பக்கம்.
சீட்டுப் பணத்தோடு வரதராஜுலு
மகாமகக் குளத்துக்கு மேலே
குடை பிடித்து நடப்பது
அன்றுமுதல் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கோட்டை விற்று வரவு வை, என்றார் முதலாளி.
பழந்துணிக் கடையில் நான்கு பவுண்டு என்றார்கள்.
உள்பையில் இரண்டு புதினா மிட்டாய்,
விரல் நீளத்தில் ஓர் இடது கையுறை,
பொம்மையுடையது.
நான்கு பவுண்டுக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை வடக்கிலிருந்து காற்று.
எடுத்து மாட்டிக்கொண்டேன். பசை வாசனை. தோள் கச்சிதம்.
மீன் சந்து திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல்:
"ஆஸ்க்யூ! நில், என் அறுபது பவுண்டு!"

நான் ஏன் வேகமாக நடந்தேன், தெரியவில்லை.
எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கும் இல்லை.
பூட்ஸ் சத்தம் நெருங்கியது.
கோட்டின் வலக்கையை ஒரு கை இறுகப் பற்றியது.

பொத்தான் எதுவும் போடவில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.